போத்தல் வகுப்பின் பஞ்சமம்

ஆசிரிய கலாசாலையில் நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் இளம் விரிவுரையாளர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். சங்கீதப் பகுதிக்கு ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். "உங்களுடைய போத்தல் வகுப்பைப் பற்றி இன்றும் இங்கே கதைக்கிறார்கள். அந்த விளையாட்டுகளை முறையாக எழுதித் தந்தால் நாங்களும் தொடங்கலாம். குறிப்பாக, எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கும் விளையாட்டை விளக்கமாக எழுதவும்" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு மூன்று கிழமை அந்தப் பக்கம் போகவில்லை. போத்தல் வகுப்பைப் பற்றிச் சொல்லச் சொல்லி இதற்கு முன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள். பிரியாவிடைகளில் கேட்பார்கள், பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் கேட்பார்கள், கலியாண வீட்டுப் பந்தியிற்கூடக் கேட்பார்கள். நான் சாராயப் போத்தல் கதையைச் சொல்லுவேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அத்தோடு இருந்துவிடுவேன். முதுகு காட்டும் விளையாட்டை நான் வாய் திறந்து எங்கேயும் சொன்னதில்லை. இவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. கேட்டுவிட்டார், இனி முழுவதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் சங்கீதம் படித்தது பெரிய கதையல்ல. சுதந்திரம் கிடைத்த காலத்தில் திருகோணமலைப் பட்டினத்தில் பெண்பிள்ளையைப் பாட்டுப் படிக்க விடுவார்கள், மேடையில் பாட விடமாட்டார்கள். அப்பா பிடிவாதக்காரர், என்னைச் சென்னைக்கு அனுப்பினார். நான்கு வருடம் படித்தேன். கச்சேரி செய்ய வேண்டும் என்ற கனவோடு போனவள், திரும்பி வந்து இரண்டு பள்ளிக்கூடங்களில் படிப்பித்து, பிறகு கலாசாலையில் விரிவுரையாளர் ஆனேன். மேடை கிடைக்காத குறை எனக்குள் கிடந்தது. எங்கேயாவது கைதட்டுக் கேட்டால் என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கலாசாலைக்கு வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்லர். ஏற்கெனவே பள்ளிக்கூடங்களில் பயிற்சி இல்லாமல் படிப்பித்துக்கொண்டிருப்பவர்கள். இரண்டு வருடம் எங்களிடம் இருந்து சான்றிதழ் எடுத்தால்தான் அவர்கள் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள். சிலருக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் இருக்கும். வகுப்பில் இருந்துகொண்டே வீட்டுக் கவலையை யோசிப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் ஒன்று வந்தது. வயலின் தந்தி அறுந்தால் அறுந்ததுதான். எங்கள் சுருதிப்பெட்டி ஆஸ்த்மாக்காரர் மாதிரி இழுத்தது. அப்போதைய மாணவர் தொகுதியில் சங்கீதத்துக்கு எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு தம்புராவும், இரண்டு தந்தி மட்டும் மிஞ்சிய ஒரு வயலினும் இருந்தன. பிள்ளைகள் (வயது எத்தனையானாலும் நாங்கள் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம்) முகம் வாடிப்போய் இருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"வாற வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு சாமான் கொண்டு வாங்கோ. வாத்தியமா இருக்கக் கூடாது. அதில சுரம் எடுப்பம்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மேசை பழைய சாமான் கடை மாதிரி ஆகிவிட்டது. துருப்பிடித்த சங்கிலித் துண்டு, பிஸ்கட் தகரம், தோணியில் கழற்றிய கப்பி, சங்கு, உடைந்த அரிக்கன் லாம்பு எல்லாம் வந்தன. தட்டிப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம், வயிறு நோகச் சிரித்தோம். கடைசியில் வென்றது போத்தல். போத்தலில் தண்ணீர் விட்டு மரக்கரண்டிக் காம்பால் தட்டினால் ஒரு சுரம் வரும். தண்ணீர் கூடினால் சுரம் இறங்கும், குறைந்தால் ஏறும். எட்டுச் சுரத்துக்கு எட்டுப் போத்தல், எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு சுரந்தான். தன் முறை வரும்போது தட்ட வேண்டும், மற்ற நேரம் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் பிழைத்தால் பாட்டில் ஓட்டை விழும்.

கனத்த போத்தல்தான் நன்றாகப் பேசியது. கனத்த போத்தல் என்றால் சாராயப் போத்தல். அன்புவழிபுரத்திலிருந்து வரும் பரமேஸ்வரி என்ற பிள்ளை, வீட்டுக்குப் பின்னால் பொறுக்கிய எட்டுச் சாராயப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். வளைவில் பை சரிந்து போத்தல்கள் பஸ் முழுக்க உருண்டன. கொண்டக்டர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, வீட்டில ஆருக்கும் கலியாணமோ?" என்று கேட்டாராம். அவள் அழுதழுது வகுப்புக்கு வந்தாள்.

அந்த எட்டுப் போத்தலும் மேசையில் வரிசையாக நிற்கும்போது அதிபர் உள்ளே வந்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் அதிபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். பௌதிகம் படித்தவர், பாட்டுப் பாடத் தெரியாது. ஒரு நாளைக்கு இருபது வசனம் பேசினால் அதிகம். மற்ற அதிபர்கள் சட்டைப் பையில் பேனை செருகியிருப்பார்கள். இவர் பையில் ஓர் இசைக்கவை இருக்கும். பௌதிக ஆய்வுகூடத்தில் இரண்டு பல்லுள்ள முள்ளுக்கரண்டி மாதிரி ஒன்று இருக்குமே, தட்டினால் ஒரே சுருதியில் நின்று ஒலிக்கும், அதுதான். ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

அவர் ஒரு போத்தலை எடுத்து மணந்து பார்த்தார்.

"கழுவினதோ?"

"ஓம் சேர்."

"லேபலையும் கழட்டுங்கோ. சுரத்தின்ர பேரை எழுதி ஒட்டுங்கோ."

அவ்வளவுதான். போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைப் போத்தல் வகுப்பு கலாசாலையில் சட்டமாகிவிட்டது.

வகுப்புக்கு ஒரு வழக்கமும் வந்து சேர்ந்தது. எங்கள் மண்டபத்து யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். பின்னேரம் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகு புறப்படும்போது ஊதும். அந்த ஊதல்தான் அன்றைக்கு எங்கள் ஆதார சுருதி. அது ஊதியவுடன் அதை வாயால் பிடித்து, ஷட்ஜப் போத்தலை அதற்குச் சேர்த்து, மற்றப் போத்தல்களை அதிலிருந்து கட்டுவோம். காற்று மாறினால் ஊதலும் கொஞ்சம் மாறிக் கேட்கும், வெள்ளிக்கு வெள்ளி எங்கள் பாட்டும் ஏறி இறங்கும். கப்பல்காரன் வைத்ததே சுருதி என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

லோஞ்சு ஊதப் போவதை எப்போதும் முதலில் சொல்லுகிறவர் நாகமணி மாஸ்ரர். "லோஞ்சு வெளிக்கிட்டுது மிஸ்" என்பார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஊதல் வரும். என்ன காதடா இது என்று நான் வியப்பேன்.

நாகமணி சல்லிக் கடற்கரையைச் சேர்ந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. வயதெல்லையைத் தளர்த்தி ஆள் எடுத்த கடைசித் தொகுதியில் வந்தவர். இதை விட்டால் அவருக்கு இன்னொரு தரம் இல்லை. வெள்ளைக்காரக் கடற்படை இருந்த நாளில், பதினாறு பதினேழு வயதில், துறைமுகத்தில் கப்பல் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தியலால் துருத் தட்டும் வேலை செய்திருக்கிறார். பிறகு கோவிலில் அவர் பாடியதைக் கேட்ட ஒருவர் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் அவரை அண்ணை என்பார்கள். நான் மாஸ்ரர் என்பேன்.

எட்டுச் சுரத்தில் பஞ்சமம் அவருடையது. நாங்கள் வட்டமாக இருப்போம். எந்தச் சுரம் வரவேண்டும் என்று நான் விரலால் காட்டுவேன். நாகமணி மாஸ்ரரின் கண் என் விரலிலும் மற்றவர்களின் கையிலும் மாறிமாறி நிற்கும். ஒரு தரமேனும் அவர் பஞ்சமம் பிந்தியதில்லை. போத்தலைச் சுருதி சேர்க்கும்போது மட்டும், பக்கத்தில் தைவதம் வைத்திருக்கும் பரமேஸ்வரியிடம் நீட்டுவார். "பிள்ளை, இதை ஒருக்காப் பார். என்ர கை நடுங்குது." கப்பலில் சுத்தியல் பிடித்த கை நடுங்குமா என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. வகுப்பிலேயே நல்ல காது நாகமணிக்குத்தான் என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதிபரின் காதிலும் அது விழுந்தது. அவர் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அதிபருக்கு வேறொரு பழக்கம் இருந்தது. பாட்டுச் சோதனை எது நடந்தாலும் முன்னால் வந்து நிற்பார். இசைக்கவையை முழங்காலில் தட்டி, அதன் காம்பை ஒவ்வொருவருடைய முழங்கை எலும்பிலும் வைப்பார், பிறகு காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைப்பார். "சுருதி எலும்பில ஏற வேணும்" என்பார். எட்டுப் பேருக்கும் வரிசையாகச் செய்வார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழங்கையை நீட்டுவார்கள். தம்புராவை மட்டும் எப்போதும் நாகமணியிடம் கொடுப்பார். "நீர் பிடியும். தண்டைத் தலையோட சேத்துப் பிடியும்." பௌதிகக்காரருக்குச் சங்கீதம் விளங்கினால் இப்படித்தான் என்று நானும் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறேன்.

இரண்டாம் வருடக் கடைசியில், நாகமணி மாஸ்ரர் ஊர்க் கோவில் பொங்கலுக்கு லீவில் நின்ற இரண்டு வெள்ளிக்கிழமைகளில், நான் ஒரு புது விளையாட்டுக் கண்டுபிடித்தேன். எல்லோரும் வட்டமாக நின்று வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். முதுகு உள்ளே, முகம் வெளியே. என் விரலும் தெரியாது, மற்றவரின் கையும் தெரியாது. காதை மட்டும் நம்பி வாசிக்க வேண்டும். முதல் வெள்ளி சந்தைக் கூச்சல் மாதிரி இருந்தது. இரண்டாம் வெள்ளி, பஞ்சமத்தின் இடத்தை நானே தட்ட, பாட்டு ஓட்டையில்லாமல் வந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

செயன்முறைப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார். வயது போனவர், நல்ல வித்துவான், தன்மையானவர். அவரில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். காலையில் அதிபர் வழக்கம்போல எட்டு முழங்கையிலும் இசைக்கவையை வைத்தார். ஒவ்வொருவராகப் பாடினார்கள். நாகமணி தம்புராத் தண்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பரீட்சகர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "சாரீரம் கனமாக இருக்கிறது" என்று எனக்குச் சொன்னார். புள்ளி போட்டாகிவிட்டது. நாகமணி பரீட்சையில் சித்தியடைந்துவிட்டார். உண்மையில் அந்த இடத்தில் அன்றைய பரீட்சை முடிந்துவிட்டது.

பின்னேரம் தேத்தண்ணீருக்கு முன் கால் மணித்தியாலம் மிச்சம் இருந்தது. போத்தல் வகுப்பைக் காட்டட்டுமா என்று நானே கேட்டேன். பரீட்சகர் சந்தோஷமாகத் தலையாட்டினார். முகம் பார்த்து, என் விரல் பார்த்து ஒரு பாட்டு வாசித்தார்கள். பரீட்சகர் குழந்தை மாதிரிக் கைதட்டினார். அந்தக் கைதட்டு எனக்கு எங்கே போய் இறங்கியது என்று சொல்லத் தெரியாது.

அதிபர் எழுந்தார். "மிஸ், தேத்தண்ணி ஆறுது."

அவர் இருபது வசனத்தில் ஒன்றை அதற்குச் செலவழித்தார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். என் பேர் எடுபடுவது இவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

"இன்னும் ஒண்டே ஒண்டு சேர். எல்லாரும் முதுகைக் காட்டுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. பரமேஸ்வரி சொன்னாள்: "மிஸ், முதல் வாசிச்சதையே இன்னொருக்கா வாசிப்பமே."

"பயப்படாதேங்கோ. போன கிழமை வடிவா வந்தது."

நாகமணி மாஸ்ரர் போத்தலை மேசையில் வைத்தார். "நான் இதுக்குப் பழகேல்ல மிஸ். ஒரு பக்கமா நிக்கிறன்."

"பஞ்சமம் இல்லாம என்ன பாட்டு மாஸ்ரர்? உங்கட காதுக்குப் பழக்கமும் வேணுமோ? திரும்புங்கோ!" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் அதிபரைப் பார்த்தார். அதிபர் வாயைத் திறந்தார், பரீட்சகர் பக்கத்தில் இருந்தார், மூடிவிட்டார். நாகமணி போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பினார். யன்னலைப் பார்த்து நின்றார்.

நான் தாளம் தட்டித் தொடங்கினேன். ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்திமம் என்று வந்தது. பஞ்சமத்தின் இடத்தில் ஒன்றும் வரவில்லை. பரமேஸ்வரி கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தைவதத்தைத் தட்டினாள். இரண்டாம் சுற்றில் பஞ்சமம் சரியாக வந்தது. எப்படி என்று பார்த்தேன். பரமேஸ்வரி முழங்கையால் அவரை இடித்துக் காட்டுகிறாள்.

"பரமேஸ்வரி, தொடக் கூடாது! அதுதானே விளையாட்டு" என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். ஐயோ, அந்தக் கையை எடுக்கச் சொன்ன வாய் என்னுடையது.

அதன் பிறகு பஞ்சமம் கண்ட இடத்தில் விழுந்தது. பாட்டுச் சிதறி ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஏழு பேரும் நிறுத்திவிட்டார்கள். நாகமணி மட்டும் நிறுத்தவில்லை. யன்னலைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் மற்ற ஏழு சுரத்துக்கும் சரியாக இடம் விட்டிருந்தார். அவருடைய மனதுக்குள் பாட்டு ஒரு பிழையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பரீட்சகர் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "பஞ்சமம் ஐயா, போதும்" என்றார். தட்டு நிற்கவில்லை. கொஞ்சம் உரத்து இன்னொரு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிடும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்தார்.

பரமேஸ்வரி திரும்பி நாகமணியின் தோளில் கை வைத்தாள். அவர் திரும்பினார். நாங்கள் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் காலையில் அதிபரின் அறைக்குப் போனேன். இரவு முழுக்க அழுத முகம். அவர் கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை.

"எனக்குத் தெரியாது சேர்."

"உங்களுக்குத் தெரியாம இருக்கத்தான் ரெண்டு வருஷமாப் பாடுபட்டனான்."

அன்றைக்கு அவர் நிறையப் பேசினார். முதல் வருடத்திலேயே நாகமணி அவரிடம் வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். கப்பல் தொட்டிக்குள் சுத்தியல் அடித்த காது வருடத்துக்கு வருடம் அடைத்துக்கொண்டு போகிறது, பாட்டு மனதுக்குள் பத்திரமாக இருக்கிறது, சுருதியை மட்டும் பிடிக்க முடியவில்லை, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறார். பௌதிகம் படித்த மனிதர் இசைக்கவையை எடுத்து அவருடைய எலும்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். நாகமணி, "கேக்குது சேர், கேக்குது" என்று அழுதாராம்.

"அவருக்கு மட்டும் வைச்சா எல்லாருக்கும் விளங்கிப்போகும். அதால எட்டுப் பேருக்கும் வைச்சனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சேர்."

"சொல்லியிருந்தா நீங்கள் இரக்கப்பட்டிருப்பியள். அந்த மனிசன் இரக்கம் கேக்கேல்ல. சுருதி கேட்டவர்." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "நேற்று நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தனான்" என்றார்.

வெளியே பரமேஸ்வரி நின்றாள். எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அவளிடமும் புலம்பினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கள் ஏழு பேருக்கும் தெரியும் மிஸ். உங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறியள் எண்டு நினைச்சம்" என்றாள். சங்கீதம் படிப்பிக்கிறவள், காதால் பிழைக்கிறவள், அந்தக் கட்டடத்தில் ஒன்றும் கேட்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வைத்திய அறிக்கை கேட்டார்கள். அறிக்கை போனது. சங்கீத ஆசிரியர் சான்றிதழ் வழங்க இயலாது என்று பதில் வந்தது. அதிபரிடம் விளக்கம் கேட்டார்கள். முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று நான்கு வரியில் எழுதினார். அதில் என் பெயர் இல்லை. அடுத்த வருடம் தானாகவே வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார்.

காது கேட்காதவர் சங்கீதம் படிப்பிக்கலாமா என்று என்னோடு வாதாடியவர்கள் உண்டு. நானும் என்னோடு இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறேன். இன்றைக்கும் முடிவான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்த முடிவை ஒரு கைதட்டுக்கு ஆசைப்பட்டு நான் எடுத்திருக்கக் கூடாது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

நாகமணி மாஸ்ரர் பெட்டியோடு விடைபெற வந்தார். சட்டைப் பையில் அதிபரின் இசைக்கவை இருந்தது. "போயிட்டு வாறன் மிஸ். வெருகல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருக்கினம், சின்ன வகுப்புக்கு" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "என்னை மன்னியுங்கோ மாஸ்ரர்" என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பிறகு போய்விட்டார். குனிந்த வாயில் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது என்பது, அவர் வாசற் படலையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

போத்தல் வகுப்பை அதன் பிறகு நான் நடத்தவில்லை. தந்திகள் மறுபடியும் கடைக்கு வந்தன, அதைச் சாட்டாகச் சொன்னேன். ஓய்வு பெறும் வயது வருமுன்னரே எழுதிக் கொடுத்துவிட்டு நானும் இளைப்பாறினேன். பத்து வருடம் வெருகலுக்குப் போகவில்லை. கூப்பிடு தூரம் இல்லைத்தான், ஆனாலும் போகமுடியாத தூரமும் இல்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டி வந்ததால் போன கிழமை போனேன். மூதூர் லோஞ்சில் ஏறியிருந்தேன். புறப்படுமுன் கரையில் ஒருவர் முளையிலிருந்து கயிற்றைக் கழற்றி எறிந்தார், அதன் பிறகுதான் லோஞ்சு ஊதியது. எங்கள் மண்டபத்து யன்னல் அந்தக் கயிற்றுக்கு நேரே இருந்தது. இரண்டு வருடம் நாகமணி மாஸ்ரர் அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நான் காது என்று பெருமைப்பட்டது இதைத்தான்.

மூதூரில் பஸ் ஏறி, ஆற்றுத் துறைகளில் இறங்கிப் படகில் கடந்து மறுபடி ஏறி, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்பு. கணக்குப் பாடம் முடிந்து பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். ஏழு பிள்ளைகள் கையில் ஏழு போத்தல். எட்டாவது நாகமணி மாஸ்ரர். எல்லோருடைய முகமும் உள்ளே பார்த்தபடி இருந்தது. இசைக்கவையைத் தட்டி ஒரு பிள்ளையின் முழங்கையில் வைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டார். தலை நரைத்திருந்தது.

"மிஸ்!" என்றார். குரல் தேவைக்கு மேலே உரத்து வந்தது. "இப்ப துப்பரவா ஒண்டும் கேக்கிறேல்ல மிஸ். இந்தக் கவை எலும்பில அதிருறது மட்டும் தெரியுது. நீங்கள் என்னைப் பாத்துக் கதையுங்கோ, பிடிச்சிடுவன்."

நான் அவருக்கு நேரே நின்று, முகத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "என்னை மன்னியுங்கோ, மாஸ்ரர்."

அவர் என் வாயைப் பார்த்தார். "கன நாள் மிஸ், அதை நினைச்சா நெஞ்சு எரியும்" என்றார். "இப்ப எரியேல்ல எண்டு பொய் சொல்லமாட்டன். வந்ததுக்கு ஒரு உதவி செய்யுங்கோ. என்ர பஞ்சமம் சரியோ எண்டு இதுகளிட்டக் கேட்டா, சரி சேர், சரி சேர் எண்டுதுகள். என்னில இரக்கப்பட்டுச் சொல்லுதுகள். நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கோ."

பக்கத்துப் பிள்ளை ஷட்ஜத்தைத் தட்ட, அவர் தன் போத்தலைத் தட்டினார். பஞ்சமம் இறங்கிக் கிடந்தது.

"இறங்கிக் கிடக்கு" என்றேன்.

தேக்கரண்டியால் போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றிவிட்டுத் தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். இன்னும் என்று சொன்னேன். மறுபடியும் எடுத்தார், தட்டினார், பார்த்தார். மூன்றாம் தரம் பஞ்சமம் வந்து ஷட்ஜத்தோடு அப்படியே சேர்ந்தது. ஓம் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்து முகம் கோணிவிட்டது. அவர் கண்டது என் முகத்தை மட்டுந்தான். இன்னும் சேரவில்லை என்று நினைத்து, மேலும் ஒரு கரண்டி தண்ணீரை எடுத்துவிட்டார்.

தட்டினார். "இப்ப சரியோ மிஸ்?"

ஏழு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேரே நிமிர்ந்தேன்.

"ஏத்திப்போட்டியள் மாஸ்ரர். ஒரு கரண்டி திரும்ப விடுங்கோ" என்றேன்.